கடலில் விட்டுவைக்கும் எரிவாயு மேடைகளும் பாதரசமும்

கேள்வி: 3 மார்ச் 2024, காலை

தாய்லாந்து வளைகுடாவில் ஓய்ந்துபோன எரிவாயு மேடைகளின் கால்களைக் கழற்றி, மீன் தங்குவதற்குச் செயற்கைப் பாறையாகக் கடலில் இறக்கியிருக்கிறார்கள் என்று படித்தேன். நல்ல விஷயமாகத்தான் பட்டது. அப்புறம் வேறொரு இடத்தில், அந்த மேடைகளில் பாதரசம் இருக்கிறது, அது மீனில் ஏறும் என்று எழுதியிருந்தார்கள். எது சரி? என் கருத்து: வெறும் இரும்புதானே, கிடந்துவிட்டுப் போகட்டும். அங்கே வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

3 மார்ச், இரவு 9.40

நான் அங்கே வேலை பார்த்திருக்கிறேன். குழாய், கலன்களின் சுவர் கனத்தை மீட்டர் வைத்து அளந்து, எங்கே அரித்திருக்கிறது என்று எழுதிக் கொடுக்கிற வேலை. தாய்லாந்துக் கரையில் இருக்கும் சோங்க்லாவிலிருந்து ஹெலிகாப்டரில் போய் வருவோம். கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம்.

தம்பி, கடலில் நிற்பது ஒரே இரும்பு இல்லை. ஜாக்கெட் என்று சொல்கிற கால்கள் மேடையைத் தாங்குவதற்காக நிற்பவை. அவற்றுக்குள் வாயு ஓடியதே கிடையாது. 2020ல் கோ பங்கான் தீவுக்குப் பக்கத்தில் இறக்கிய ஏழும் இந்த ஜாக்கெட்டுகள்தான். இன்னொரு இரும்பு இருக்கிறது: கிணற்றுக் குழாய், வாயுவையும் தண்ணீரையும் பிரிக்கிற செபரேட்டர் கலன், மேடைக்கு மேடை போகிற கடலடிக் குழாய். முப்பது நாற்பது வருடம் வாயு அதற்குள் ஓடியிருக்கும். பாதரசம் இருப்பது அதில். இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் நீங்கள் படித்த இரண்டு செய்தியும் ஒன்றையொன்று வெட்டுவதுபோலத் தெரிகிறது.

4 மார்ச், காலை

பாதரசம் எங்கிருந்து வருகிறது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். யாரும் கொண்டுபோய்க் கொட்டியதில்லை. பூமிக்கடியில் வாயு தேங்கியிருக்கும் பாறையிலேயே இருக்கிறது. வாயு எடுக்கும் எல்லா வயலிலும் ஒரே அளவில் இருக்காது. தாய்லாந்து வளைகுடா, நெதர்லாந்தின் க்ரோனிங்கன், அல்ஜீரியா, இந்தோனேசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சில வயல்கள் இதற்குப் பேர் போனவை. கீழே இருக்கும் சூட்டில் அது ஆவியாக வாயுவோடு கலந்து மேலே வருகிறது. மேலே வந்து குளிரக் குளிர, கொஞ்சம் துளியாக விழுகிறது, கொஞ்சம் இரும்பிலேயே ஒட்டிக்கொள்கிறது. அங்கிருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து கருப்பான படிவமாகவும் மாறுகிறது. இந்தப் படிவத்தை எங்கள் ஆட்கள் ‘ஸ்கேல்’ என்பார்கள்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது ஐம்பது வருடமாகத் தெரியும். 1973ல் அல்ஜீரியாவின் ஸ்கிக்டாவில் வாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கும் ஆலையில், அலுமினியக் கருவி ஒன்று பாதரசம் அரித்து உடைந்தது. 2004ல், புத்தாண்டு அன்றே, தெற்கு ஆஸ்திரேலியாவின் மூம்பா ஆலையில் வெடிப்பு. அதற்கும் காரணம் பாதரசம் அலுமினியத்தை நொறுங்க வைத்ததுதான். அலுமினியத்தின் மேல் பாதரசம் பட்டால் அதன் பிடிமானமே போய்விடும். அதனால் ஆலைகளில் குளிர்விக்கும் பகுதிக்கு முன்னால் பாதரசத்தைப் பிடிக்கும் வடிகட்டி வைக்கிறார்கள்.

வடிகட்டி வைத்தது ஆலையைக் காப்பாற்ற. அது இருப்பது பெரும்பாலும் கரையில். தாய்லாந்து வளைகுடாவின் எரவான் வயலிலிருந்து ராயோங் கரைக்குப் போகிற முதல் குழாய் நானூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், 1981லிருந்து ஓடுகிறது. வடிகட்டியை எட்டும்வரை வாயு தொட்டுக்கொண்டு போகிற இரும்பில் பெரும்பகுதி கடலுக்கடியில் கிடக்கிறது.

4 மார்ச், இரவு

‘நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்’ என்று கேட்டவருக்கு.

பராமரிப்புக்காக மேடையை நிறுத்தியிருந்த ஷட்டவுன் காலத்தில் ஒரு செபரேட்டர் கலனைத் திறந்தோம். ஆள் நுழையும் அளவுக்கு வட்டமான மூடி இருக்கும், போல்ட் எல்லாம் கழற்றி அதை விலக்க வேண்டும். அதற்கு முன்பே நாள் கணக்கில் நீராவி விட்டு, தண்ணீர் அடித்து, காற்று ஊதி முடித்திருந்தார்கள். எரியும் வாயு பூஜ்யம், ஆக்சிஜன் சரி. பாதுகாப்பு அலுவலர் பாதரச மீட்டரின் குழலை உள்ளே நீட்டினார். காலையில் எண் அனுமதிக்குள் இருந்தது. நாங்கள் சாரம் கட்டி, விளக்கு மாட்டி, பெர்மிட்டில் கையெழுத்து வாங்குவதற்குள் வெயில் ஏறிவிட்டது. மறுபடி நீட்டியபோது எண் மேலே மேலே ஓடுகிறது. கலனைப் புதிதாக யாரும் தொடவில்லை. கலன் சுவரில் வெயில் பட்டதுதான். சுவருக்குள் இருந்தது ஆவியாக வெளியே வர ஆரம்பித்துவிட்டது.

வேலை செய்யும் இடத்தில் கன மீட்டர் காற்றுக்கு 25 மைக்ரோகிராம் என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கும் வரம்பு. மூடிய இடத்தில் துளிப் பாதரசம் இருந்து, 20 டிகிரியில் காற்று அதை முழுக்க ஏற்றுக்கொண்டால், அதைப்போல ஐந்நூறு மடங்கு வரும். வளைகுடா வெயிலில் அந்தச் சுவர் எவ்வளவு சூடாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

முகக்கவசம், மேலுடை போட்டுக்கொண்டு உள்ளே போனேன். அடியில் கருஞ்சாம்பல் நிறச் சேறு, கணுக்கால் அளவுக்குக்கூட இல்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் சேற்றுக்குள் கடுகைவிடச் சிறிய வெள்ளித் துளிகள். கையுறை விரலால் சேற்றை ஒதுக்கினேன், இரண்டு துளி ஒன்றாகி உருண்டு வெல்டிங் வரிப்பள்ளத்தில் போய் நின்றது. சுவரில் ஒட்டியிருந்த கருப்புப் படிவத்தைச் சுரண்டினால் தகடு தகடாக வந்தது. எனக்கு இருந்த வேலை சுவரின் கனத்தை அளப்பது. படிவத்தில் எத்தனை பாதரசம் என்று அளக்கச் சொல்லி என்னிடம் யாரும் தாள் கொடுத்ததில்லை.

5 மார்ச்

பாதரசம் பட்டால் தங்க மோதிரம் கெட்டுப்போகுமா என்று கேட்டிருந்தீர்கள். உண்மைதான், பாதரசம் தங்கத்தோடு கலந்துவிடும். உள்ளே போகிறவர்கள் கல்யாண மோதிரத்தை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போவோம்.

6 மார்ச்

ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்: குழாய்க்குள் இருப்பது பாதரச சல்ஃபைடு, நம் சித்த மருந்துகளில் சேரும் சாதிலிங்கமும் அதுதான், தண்ணீரில் கரையவே கரையாது, அதனால் பயமில்லை என்று.

பாதி சரி. சாதிலிங்கமும் இந்தக் கருப்புப் படிவமும் ஒரே வேதிப்பொருள், அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு. கரைதிறன் மிகக் குறைவு, அதுவும் உண்மை. ‘இருந்த இடத்திலேயே விட்டுவிடலாம்’ என்கிறவர்கள் கையில் இருக்கும் வலுவான வாதமும் இதுதான்.

ஆனால் அது போய்ச் சேரும் இடம் கடலடிச் சேறு. மேலே ஒரு சில மில்லிமீட்டருக்குக் கீழே அங்கே ஆக்சிஜன் இருக்காது. ஆக்சிஜனுக்குப் பதில் சல்ஃபேட்டையும் இரும்பையும் வைத்துப் பிழைக்கும் நுண்ணுயிர்கள் அங்கே இருக்கின்றன. அவற்றில் சில, பாதரசத்தை உள்ளே இழுத்து, உயிர்களின் உடம்பில் சேரும் நச்சு வடிவமான மெத்தில் பாதரசமாக மாற்றி வெளியே விடுகின்றன. 2013ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் இந்த வேலைக்குத் தேவையான இரண்டு மரபணுக்களை அடையாளம் கண்டார்கள். பாதரச சல்ஃபைடு மிக நுண்ணிய துகளாக, மட்கிய கரிமப் பொருளோடு சேர்ந்து இருந்தால், இந்த நுண்ணுயிர்களால் அதையும் ஓரளவு பயன்படுத்த முடிகிறது என்பதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். கட்டியாக இருக்கும்வரை பாதுகாப்பு. பொடியாக உதிர்ந்து சேற்றில் கலந்தபின் அதே உறுதியை நம்ப முடியாது. இரும்பு துருப்பிடித்து ஓட்டை விழும்போது உள்ளே இருப்பது பொடியாகத்தான் உதிரும்.

6 மார்ச், இரவு

மேலே எழுதியதன் தொடர்ச்சி. தண்ணீரில் இருக்கும் மெத்தில் பாதரசத்தை நுண்பாசிகள் இழுத்துத் தம்முள் பல்லாயிரம் மடங்கு செறிவாக்கிக்கொள்கின்றன. முதல் படியில்தான் இந்தப் பெரிய தாவல். அதைத் தின்னும் சிற்றுயிர், அதைத் தின்னும் நெத்திலி, நெத்திலியைத் தின்னும் சூரை என்று ஒவ்வொரு படியிலும் இன்னும் சில மடங்கு ஏறும். பெரிய கொன்றுண்ணி மீன்களின் சதையில் இருக்கும் பாதரசம் ஏறக்குறைய முழுக்க இந்த மெத்தில் வடிவம்தான்.

இது கொழுப்பில் தங்குவதில்லை, சதையின் புரதத்தோடு பிணைந்துவிடுகிறது. மஞ்சள் போட்டு அலசினாலும் போகாது, புளி விட்டுக் கொதிக்க வைத்தாலும் போகாது. கர்ப்பிணியின் உடலிலிருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டி சிசுவின் மூளைக்குப் போய்விடும். என்னை இந்த விஷயத்தில் பிடித்து உட்கார வைத்தது இதுதான். மேடையில் எனக்கு முகக்கவசமும் மீட்டரும் கொடுத்தார்கள். மீன் வாங்குகிறவளுக்கு எதுவும் கிடையாது.

8 மார்ச்

‘இன்னொரு மினமாட்டா வரப்போகிறது’ என்று ஒருவர் எழுதியிருப்பதை ஏற்க முடியாது. ஜப்பானின் மினமாட்டாவில் சிசோ ஆலை அசிட்டால்டிஹைடு தயாரித்த கழிவோடு மெத்தில் பாதரசத்தையே நேராக விரிகுடாவில் விட்டது. 1956ல் மீன் தின்றவர்களைத் தாக்கிய நோய் வெளியே தெரிந்த பிறகும் 1968 வரை விட்டது. மூடிய விரிகுடா, அதே மீனைத் தினமும் தின்ற மக்கள். குழாய்ப் பாதரசம் மெத்தில் வடிவத்துக்கு மாற வேண்டும், அதில் எத்தனை பங்கு மாறும் என்பது சேற்றையும் வெப்பத்தையும் பொறுத்தது. மினமாட்டா பெயரைச் சொல்லிப் பயமுறுத்தினால், அது நடக்காதபோது மொத்த விஷயத்தையே தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

உலகக் கணக்கையும் சொல்ல வேண்டும். மனிதர் காற்றில் விடும் பாதரசத்தில் பெரும் பங்கு சிறு தங்கச் சுரங்கங்களுடையது, ஐநாவின் 2018 மதிப்பீட்டில் ஏறக்குறைய 38 சதவீதம். அடுத்தது நிலக்கரி. கடல் எரிவாயு அந்தப் பட்டியலில் சின்ன ஆள். என் கவலை உலகக் கணக்கு இல்லை, அந்தந்த மேடையின் அடியில் இருக்கும் சேறு.

9 மார்ச்

எதிர்ப்பக்கத்து ஆய்வுகளையும் வைக்கிறேன், அவற்றை மறைத்துப் பேசுவது நியாயமில்லை.

மெக்சிகோ வளைகுடாவில் கிணறு துளைக்கும்போது உள்ளே விடும் சேற்றுக் கலவையில் சேர்க்கும் பாரைட்டு என்ற கனிமத்தில் கொஞ்சம் பாதரசம் இருக்கும். அமெரிக்கா 1993ல் அதற்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று வரம்பு போட்டது. மேடைகளைச் சுற்றிக் கடலடிச் சேற்றை எடுத்துப் பார்த்தார்கள். மொத்தப் பாதரசம் மேடை அருகில் கூடுதலாக இருந்தது. மெத்தில் பாதரசம் தூரத்தில் இருந்த சேற்றைவிடப் பெரிதாகக் கூடியிருக்கவில்லை. கனிமத்துக்குள் பூட்டிக்கொண்டு கிடந்தது. தாய்லாந்தின் போங்கோட் வயலைப் பற்றி 1998ல் வெளியான ஆய்வும், வாயு எடுப்பதால் கடல் உயிர்களில் பாதிப்பு எதுவும் தெரியவில்லை என்றே முடித்தது.

நல்ல செய்திதான். ஆனால் இரண்டுமே ஓடிக்கொண்டிருந்த மேடைகளைச் சுற்றி எடுத்தவை. பாரைட்டுக்குள் பூட்டியிருக்கும் பாதரசமும் குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் துளியும் படிவமும் ஒன்றில்லை. கைவிட்ட குழாய் ஐம்பது, நூறு வருடம் கழித்து வாய் பிளக்கும்போது என்ன ஆகும் என்பதற்கு இவற்றிலிருந்து பதில் எடுக்க முடியாது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2022ல் கடலடிக் குழாய்ப் பாதரசத்தைப் பற்றித் தனியாகவே ஒரு திறனாய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த நாட்டுக் கடலிலும் நிறைய மேடைகள் வயது முடிந்து வரிசையில் நிற்கின்றன.

9 மார்ச், சற்றுப் பின்

மீன் வரத்து பற்றி முதல் கேள்வியில் இருந்ததற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மேடைக்கடியில் மீன் பெருகுவது பொய்யில்லை. 2014ல் கலிபோர்னியா மேடைகளைப் பற்றி வந்த ஆய்வு, உலகில் அளந்து பார்த்த கடல் வாழிடங்களில் மீன் உற்பத்தி மிக அதிகமான இடங்களில் அவையும் சேரும் என்றது. அமெரிக்காவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மேடைகள் இப்படிப் பாறையாக மாறியிருக்கின்றன.

நானே பார்த்தது: காலையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தால், ஜாக்கெட் காலில் சிப்பியும் பாசியும் அப்பியிருக்கும், அதைச் சுற்றிப் பாரை மீன் கூட்டமாகச் சுழலும். ஆழத்தில் களவா இருப்பதாகக் கீழே இறங்கும் டைவர்கள் சொல்வார்கள், பயப்படாமல் அருகிலேயே நிற்குமாம். ராமேஸ்வரத்துப் பையன் ஒருவன் எங்களோடு இருந்தான். தூண்டில் போட அனுமதி இல்லை என்று தெரிந்த நாளில் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மேடையைச் சுற்றி 500 மீட்டருக்குப் படகு வரக்கூடாது. இரவில் அந்த எல்லைக்கு வெளியே கணவாய்ப் படகுகள் பச்சை விளக்கு போட்டு வரிசையாக நிற்கும். மேடையை எடுத்துவிட்டால் அந்த எல்லையும் போய்விடும், அந்த இடத்தில் எல்லோரும் வலை போடுவார்கள். அதனால் எந்த மீனைச் சோதிப்பது என்பது முக்கியம். வஞ்சிரமும் சூரையும் அலைந்து திரிபவை, இன்று இங்கே இருக்கும், நாளை எங்கோ. அதில் வரும் எண்ணை வைத்து அந்த இடத்தைக் குற்றம் சொல்லவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது. களவா ஒரே பொந்தில் வருடக்கணக்கில் கிடக்கும், நீண்ட ஆயுள், மற்ற மீனைத் தின்னும். அதைப் பிடித்துச் சோதிக்க வேண்டும். குழாயை மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை, பிறகு சில வருடத்துக்கு ஒரு தடவை.

11 மார்ச்

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டவருக்கு.

1995ல் வட கடலில் ப்ரெண்ட் ஸ்பார் என்ற எண்ணெய்த் தொட்டியை ஷெல் கம்பெனி ஆழ்கடலில் மூழ்கடிக்கப் பார்த்தது. சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ் அதில் ஏறி உட்கார்ந்தது, ஐரோப்பா முழுக்க எதிர்ப்பு, கடைசியில் கம்பெனி பின்வாங்கியது. (தொட்டியில் மிச்சமிருந்த எண்ணெயின் அளவை கிரீன்பீஸ் மிகையாகச் சொல்லி, பிறகு மன்னிப்புக் கேட்டது. அளவு தெரியாமல் சண்டை போட்டால் இதுதான் நடக்கும்.) அதைத் தொடர்ந்து 1998ல் வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகள் கூடி, மேடைகளைக் கடலில் விடக்கூடாது என்று முடிவெடுத்தன. பெரிய கான்கிரீட் மேடைகள் மாதிரி சிலவற்றுக்கு மட்டும் விலக்கு.

அந்த முடிவில் குழாய்கள் சேரவில்லை! ஐநாவின் கடல்சார் அமைப்பு 1989ல் போட்ட வழிகாட்டுதலும் எந்த ஆழத்தில் எத்தனை டன் மேடையை எடுக்க வேண்டும் என்றுதான் பேசுகிறது. கண்ணுக்குத் தெரியும் கால்களுக்கு விதி இருக்கிறது. பாதரசம் படிந்த குழாயை அந்தந்த நாடு பார்த்துக்கொள்ள வேண்டியது.

சரி, பாதரசத்துக்கென்றே மினமாட்டா ஒப்பந்தம் இருக்கிறதே என்றால், அது 2017லிருந்து நடைமுறையில் இருக்கிறது. தாய்லாந்து 2017ல், இந்தியா 2018ல், ஆஸ்திரேலியா 2021ல் சேர்ந்தன. காற்றில் பாதரசம் விடும் தொழில்கள் என்று அதன் இணைப்பில் நிலக்கரி மின்நிலையம், நிலக்கரிக் கொதிகலன், உலோக உருக்காலை, குப்பை எரிப்பு, சிமெண்டு என்று பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். எண்ணெய், எரிவாயு அதில் இல்லை. எனக்கு இது பொறுக்கவில்லை. ஸ்கிக்டா நடந்து நாற்பது வருடம் கழித்து எழுதிய ஒப்பந்தம் இது.

12 மார்ச்

‘அப்படியானால் எல்லாவற்றையும் கரைக்குக் கொண்டுவந்து வெட்டிவிடலாமே.’

இதைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன், சுலபமான பதில் இல்லை. 2020ல் நடந்ததைக் கேளுங்கள். இந்தோனேசியாவின் நாதுனா வயலுக்குச் சேமிப்புக் கப்பலாக இருந்த ஒன்று, பாதரசம் கலந்த கழிவோடு பழைய இரும்பாக உடைக்கக் கிளம்பியது. போக இருந்த இடம் பங்களாதேஷின் சட்டோகிராம், கப்பல் உடைக்கும் கரை. சுற்றுச்சூழல் அமைப்புகள் முன்கூட்டியே எச்சரித்ததால் பங்களாதேஷ் அரசு உள்ளே விட மறுத்தது. அவர்கள் எச்சரிக்காமல் இருந்திருந்தால், அந்தக் கப்பலில் கேஸ் கட்டர் பிடித்திருக்கப் போகிறவன் வெறும் துண்டை மூக்கில் கட்டிய கூலியாள்.

பாதரசம் ஊறிய இரும்பில் நெருப்பு வைத்தால் அப்படியே ஆவியாகி முகத்துக்கு வரும். எங்கள் மேடையில் அந்த மாதிரிக் குழாயை ரம்பத்தால் குளிர்முறையில்தான் வெட்டுவார்கள். கடலிலிருந்து எடுத்துவிட்டோம் என்று கைதட்டிவிட்டு, கப்பல் உடைக்கும் குஜராத்தின் அலங்கிலோ சட்டோகிராமிலோ ஒருவன் நுரையீரலில் கொண்டுபோய் இறக்கினால் யாருக்கு என்ன லாபம்? கடலுக்கு ஒரு தராசு, உடைக்கிற ஏழைக்கு ஒரு தராசு கூடாது.

14 மார்ச்

நீங்களானால் என்ன செய்வீர்கள் என்று நேராகக் கேட்டதால் சொல்கிறேன்.

குழாயை மூடுவதற்கு முன் உள்ளே பிக் ஓட்ட வேண்டும். குழாயின் உள்விட்டத்துக்குச் சரியாக, சுவரைத் தேய்த்துக்கொண்டே போகிற உருளை அது. தளர்ந்த சேற்றையும் துளியையும் தள்ளிக்கொண்டு வந்துவிடும். சுவரோடு ஒட்டிய படிவம் போகாது, அதற்கு ரசாயனக் கழுவல் வேண்டும். கழுவிய தண்ணீரைக் கடலில் விடக்கூடாது, பிடிக்க வேண்டும். பிறகு மேடை அருகில் ஒன்று, நடுவில் ஒன்று, கரைப்பக்கம் ஒன்று என்று குழாய்த் துண்டுகளை வெட்டி எடுத்து, ஒரு சதுர மீட்டர் சுவரில் எத்தனை கிராம் பாதரசம் மிச்சமிருக்கிறது என்று ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். நடுக்குழாயை வெட்டி எடுப்பது செலவுதான். அந்தத் துண்டு இல்லாமல் ‘சுத்தமாகிவிட்டது’ என்று எழுதும் எந்த அறிக்கையையும் நான் நம்ப மாட்டேன். சுவர் கனத்தை அளப்பதற்கே அங்குல அங்குலமாகத் தாள் நிரப்பியவன் நான். பாதரசத்துக்கும் அப்படி ஒரு தாள் இருந்தால் போதும், இந்தச் சண்டையில் பாதி இருக்காது.

எண் அதிகமாக வந்தால் எடுத்தே ஆக வேண்டும். குறைவாக வந்தால் புதைத்து விடலாம் என்பதை ஏற்பேன். அந்த எண்ணைக் கம்பெனி அலமாரியில் பூட்டாமல் மீனவர்களுக்கும் தெரியும்படி வெளியிட வேண்டும்.

எரவான் வயலே 2022 ஏப்ரலில் அமெரிக்கக் கம்பெனி செவ்ரானிடமிருந்து தாய்லாந்து அரசுசார் கம்பெனியான பிடிடிஇபி கைக்கு மாறியது. பழைய மேடைகளை அகற்றும் செலவு யாருடையது என்று கம்பெனிக்கும் அரசுக்கும் நடுவர் மன்றம் வரை வழக்குப் போனது. நாளை இன்னொரு கம்பெனி, இன்னொரு அரசு. அளந்து எழுதி வைத்த எண் இருந்தால்தான் யாரிடம் கேட்பது என்றாவது தெரியும்.

15 மார்ச்

தங்கை மாசமாக இருக்கிறாள், மீனே வேண்டாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். மீன் வேண்டும். நெத்திலி, மத்தி மாதிரிச் சின்ன மீன் தாராளமாகச் சாப்பிடட்டும். சுறா, கொப்பரன், பெரிய சூரை, பெரிய களவா ஆகியவற்றை இந்த மாதங்களில் தவிர்க்கட்டும். இது எரிவாயு மேடை இருக்கும் கடலுக்கு மட்டுமல்ல, எந்தக் கடலுக்கும் பொருந்தும்.

17 மார்ச்

அக்கா மகன் ஒருவன் மேடை அகற்றும் வேலைக்குப் போகப் போகிறான், கட்டர் பிரிவில் எடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கும் அண்ணனுக்கு.

போகட்டும், நல்ல சம்பளம். கிளம்புவதற்கு முன் ஊரிலேயே சிறுநீரில் பாதரசப் பரிசோதனை எடுத்து, ரிப்போர்ட்டை அவன் கையிலேயே வைத்துக்கொள்ளட்டும். திரும்பி வந்தபின் எண் கூடியிருந்தால் வேலையில் ஏறியது என்று காட்ட அது ஒன்றுதான் இருக்கும். குழாயில் வாயு ஓடியதா, மீட்டர் எத்தனை காட்டுகிறது என்று கேட்காமல் நெருப்பு வைக்க வேண்டாம். காலையில் எடுத்த எண்ணை மதியத்துக்கு ஏற்கக் கூடாது, மறுபடி அளக்கச் சொல்ல வேண்டும். கவசத்தில் இருக்கும் வடிகட்டி பாதரசத்துக்கு உரியதா என்று அதன் லேபிளைப் படிக்கட்டும், தூசிக்கு உரியது இதற்கு ஆகாது. வேலை உடுப்பை வீட்டுக்கு எடுத்து வரவே கூடாது, குழந்தை இருக்கும் வீடு என்று சொன்னீர்கள். மேஸ்திரி அவசரப்படுத்தினால் பெர்மிட்டைக் காட்டச் சொல்லட்டும். மற்றதை அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.